மூன்றாம் ஓலை

ராயப்பன்பட்டியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்தால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்பு வரும். சாமியார் படிக்க எடுத்துக்கொள்வது அரை நிமிஷம்கூட இருக்காது. பெண்ணைப் பெற்றவள் மட்டும் அந்த அரை நிமிஷமும் ஓரக்கண்ணால் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி முக்காடு போட்டுக்கொண்டு பக்தியாகத்தான் முழங்காலில் இருப்பாள்; வெளியே வந்ததும் அவள் வாய் சும்மா இருக்குமா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கிளாராவின் மகள் ஷெரினுக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. மாப்பிள்ளை வின்சென்ட், அனுமந்தன்பட்டிக்காரன், டிராக்டர் மெக்கானிக். தங்கமான பிள்ளை என்று ஊரே சொன்னது. மூன்றாம் ஓலை வருகிற ஞாயிறு. அதற்குப் பத்தாம் நாள், புதன்கிழமை, கல்யாணம்.

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் காலையில் கிளாரா காமயகவுண்டன்பட்டித் தோட்டம் ஒன்றில் திராட்சை அறுத்துக்கொண்டிருந்தாள். பந்தலுக்கு அடியில் நிமிர்ந்த கழுத்தும் தூக்கின கையுமாக நிற்கிற வேலை. கொத்தைக் காம்போடு பிடித்து நறுக்கி, வெடித்த பழத்தைக் கிள்ளிப் போட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். பழத்தின் மேலிருக்கிற மாவு கலையக் கூடாது, கலைந்தால் வியாபாரி முகத்தைச் சுளிப்பான். மேற்கே மலையில் சாரல் இறங்கியிருந்தது. ஈரக்காற்று பந்தலுக்குள் புகுந்ததும் அவளுக்கு இருமல் வந்தது. வந்தால் லேசில் நிற்காது.

பக்கத்து வரிசையில் நின்ற மொக்கம்மாள் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"ஏத்தா கிளாரா, மலைக்கு அங்கிட்டு இருக்குற மலையாளத்தானுக்கே கேட்டுரும் போல இருக்கே. மக கல்யாணத்துக்குள்ள தொண்டையச் சரி பண்ணு. மாப்ள வீட்டாக்க வந்து நிக்கையில நீ லொக்கு லொக்குன்னா நல்லாவா இருக்கும்?"

"மருந்தடிச்ச நெடிக்கா. ஒத்துக்கிட மாட்டேங்குது."

"எங்களுக்கெல்லாம் அந்த நெடி இல்லாக்கும்? நாங்களும் இங்கனதான நிக்கிறோம்."

மொக்கம்மாள் சும்மா கேலிக்குத்தான் சொன்னாள். கிளாரா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த கொத்தைப் பிடித்தாள். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. கூர்நோக்கு இல்லத்து அலுவலர் பேசினார். நாளைக்கு இல்லத்தில் மருத்துவ முகாம், எல்லாப் பையன்களுக்கும் காசநோய், மஞ்சள்காமாலை, எச்.ஐ.வி., தோல் வியாதி எல்லாம் பார்க்கப்போகிறார்கள், ரத்தம் எடுக்கப் பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும், ஜோயலுடைய அம்மாவோ அப்பாவோ வந்து போக வேண்டும் என்றார்.

காசநோய் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அவள் காதில் சரியாக விழவில்லை.

ஜோயல் அவளுடைய இளைய பிள்ளை. பதினாறு வயது முடிந்து நான்கு மாதம். ஆடிச் சனிக்கிழமை குச்சனூரில் கூட்டம் நெரிகிற நாளில், கூட்டாளி சுரேஷ்கண்ணனோடு போய், நிறுத்தியிருந்த ஒரு பைக்கைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். கூட்டாளி கெடுத்தான் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கள்ளச்சாவி போட்டதே இவன்தான். சின்னமனூர் தாண்டுவதற்குள் பிடித்து, இரண்டு பேரையும் சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் போட்டுவிட்டார்கள். கூட்டாளியின் அப்பன் மூன்றாம் நாளே கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனான். ஜோயலின் அப்பன் ஞானமுத்து போகவில்லை. "கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அங்கனயே கிடக்கட்டும். இவன் வந்து தெருவுல நின்னான்னா என் மானம் போகும்" என்று விட்டார். நல்ல மனுஷன்தான். திராட்சைக்குக் கவாத்து வெட்டுவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை அடிக்க ஆளில்லை. எந்தக் கண்ணை விட வேண்டும், எந்தக் கொடியைக் கழிக்க வேண்டும் என்று பார்த்ததும் சொல்வார். மகன் விஷயத்தில் மட்டும் கத்தரி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பைக் விஷயம் தெரியும். "வயசுப் பய, திருந்திருவான்" என்று பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொண்டார்கள். அதனால்தான் கிளாராவுக்குப் பயம் கூடியது. ஒன்றைப் பொறுத்தார்கள், இரண்டாவதையும் பொறுப்பார்களா?

அந்த இரண்டாவது இதுதான். ஒன்றரை வருஷத்துக்கு முன் கிளாரா ஏலக்காய் எடுக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போய், நாள் முழுக்க ஈரத்தில் குனிந்து எடுத்துவிட்டு, இருட்டும்போது திரும்புகிற பிழைப்பு. அங்கேதான் இருமலும் காய்ச்சலும் தொடங்கியது. தோட்டத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சளி பார்த்து, காசநோய் என்று சொல்லி, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் இது ஒரு வழக்கம். உள்ளூரில் சொல்ல முடியாத வியாதி வந்தால் மலையேறிப் போய்க் காட்டிக்கொள்வார்கள். கேரளத்துச் சீட்டு தமிழ்நாட்டுக்காரன் கண்ணில் படாது என்று ஒரு கணக்கு. கிளாரா ஒரு படி மேலே போய், தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தைத் தன் விலாசமாகக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் இது ஜோயலுக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூட லீவில் ஒருநாள் ஜீப்பில் அவள் மயங்கி விழ, கூட வந்திருந்தவன் அவன். பிறகு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் துணைக்குப் போனான். பள்ளிக்கூடப் பையில் நோட்டுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவான். "சாப்ட்டியாம்மா?" என்று அடுப்படியில் வந்து மெதுவாகக் கேட்பான். ராத்திரி குளிருக்கு அவள் போர்வைக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்வான்.

இரண்டரை மாதத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி நர்ஸ், "வீட்டில் உள்ளவரையும் கொண்டு வா சேச்சி, எல்லாருக்கும் நோக்கணும்" என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னாள். கிளாரா அதற்குப் பிறகு மலையேறவே இல்லை. மாத்திரையும் அதோடு நின்றது; சில மாதத்தில் இருமல் மட்டும் திரும்பி வந்தது. தேடி வந்தவர்கள் லயத்தில் தேடியிருப்பார்கள்.

அவளைச் சும்மா குற்றம் சொல்லவும் முடியாது. அவளுடைய அக்கா கல்யாணமான மூன்றாம் மாதம் இதே வியாதிக்காகப் பாத்திரம் பண்டத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவள். அந்த வண்டி தெருவுக்குள் வந்து நின்றதைக் கிளாரா பத்து வயதில் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்த கண்ணுக்கு எந்த டாக்டர் வந்து என்ன எடுத்துச் சொன்னாலும் ஏறாது.

*

இரண்டு பஸ் மாறி, மூன்றரை மணி நேரம் போக வேண்டும். ஞானமுத்து வரவில்லை. "ஒரு கையெழுத்துக்கு ரெண்டு பேரா? நீ போயிட்டு வா" என்றார். கிளாரா ஒரு கிலோ பன்னீர் திராட்சையைக் கழுவித் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள். வாசல் காவலர் அதைப் பிரித்துப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பழம் தின்னு காட்டுங்கம்மா. விதி அப்படி."

தின்று காட்டினாள்.

உள்ளே ஒரு கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். பையன்கள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவனை ஒருவன் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எடை பார்க்க ஓர் ஆள், ரத்தம் எடுக்க ஓர் ஆள். நெஞ்சு சம்பந்தமான கேள்வி கேட்கப் பாண்டீஸ்வரி என்று ஒரு பெண் வந்திருந்தாள். காசநோய்ப் பிரிவில் வேலை, சொந்த ஊர் போடிப் பக்கம். பேச்சைக் கேட்டதும் கிளாராவுக்கு நம்ம ஊர்ப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. அதுவே அவளுக்கு இன்னும் கலக்கத்தைக் கொடுத்தது.

ஜோயல் வந்தான். ஒன்றரை மாதத்தில் பிள்ளை பாதியாகியிருந்தான். சட்டைக் காலருக்குள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மூச்சை இழுத்து நெஞ்சிலேயே நிறுத்தினான். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் கட்டியது. பார்க்கிறவர்களுக்கு அம்மாவைக் கண்ட அழுகை மாதிரி இருந்திருக்கும். அவன் எதை அடக்குகிறான் என்று கிளாராவுக்குத் தெரியும். கூட்டத்துக்கு நடுவில் அவளும் மாதக்கணக்கில் அடக்கிக்கொண்டிருப்பது அதைத்தானே.

"இருமல் இருக்காய்யா?" என்று குனிந்து கேட்டாள்.

"இல்லம்மா."

"எங்கிட்டச் சொல்லு."

"இருமுனா தனி ரூம்ல போட்டுருவாகம்மா. அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு நாள் பெர்மிஷன்ல விடுறேன்னு சார் சொல்லிருக்காரு. அப்பா எழுதிக் குடுத்தாப் போதுமாம்." அப்புறம் இன்னும் சின்னக் குரலில், "நீ மாத்திர சாப்புடுறியா?" என்று கேட்டான்.

அவள் பதில் சொல்வதற்குள் பாண்டீஸ்வரி கூப்பிட்டாள்.

"ஜோயலா? இங்கன உக்காரு தம்பி. அக்கா நீங்களும் வாங்க, கூடவே கேட்டுக்கிறேன். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா தம்பி?"

"இல்லக்கா."

"சாயங்காலமானா காய்ச்சல்?"

"இல்லக்கா."

"எட குறைஞ்சிருக்கே. வரும்போது நாப்பத்தொம்பது, இப்ப நாப்பத்து மூணு."

"இங்கத்திச் சோறு பிடிக்கல."

பெஞ்சில் இருந்த பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாண்டீஸ்வரியும் சிரித்துவிட்டாள்; இல்லத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வந்த பிறகு இளைத்துத்தான் இருந்தார்கள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கிளாராவின் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல யாருக்காச்சும் காசநோய் வந்துருக்காக்கா? இப்ப இல்லாட்டியும் முன்னால? கூடப் படுத்து எந்திரிக்கிற ஆளுக, யாராச்சும்?"

ஜோயல் அம்மாவின் முகத்தையே பார்த்தான்.

கிளாரா உடனே இல்லை என்று சொல்லிவிடவில்லை. அதை அவளுக்காக நான் சொல்லியாக வேண்டும். "ஆமான்னா என்ன செய்வீக?" என்று கேட்டாள்.

"இப்பவே இவனுக்கு எக்ஸ்ரே எடுத்துருவோம். மிஷின் ஒண்ணுதான்க்கா, மாவட்டம் பூராச் சுத்துது. அதான் கேள்வில ஆமான்னு வர்ற பிள்ளைகளுக்கு மட்டும் இன்னைக்கு எடுக்குறோம். மத்தவுகளுக்கு அடுத்த மாசம். சளியும் பாப்போம். இருந்தா மாத்திர குடுப்போம், கேட்டுக்கிரும்."

"வீட்டுக்கு ஆள் வருமா?"

"வரணும்ல. வீட்ல எல்லாரையும் பாக்கணும். ரகசியமாத்தான் வருவோம், பயப்படாதீக."

ரகசியமாம். ராயப்பன்பட்டித் தெருவில் தெரியாத ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றால் அடுத்த தெருவில் காப்பி ஆறுவதற்குள் செய்தி போய்விடும். கிளாரா மனதுக்குள் நாளை எண்ணினாள். இன்று செவ்வாய். கல்யாணம் புதன். பதினைந்து நாள். தாலி ஏறினதும் மறுநாளே இங்கே ஓடிவந்து இந்தப் பாண்டீஸ்வரியின் காலில் விழுந்து சொல்லிவிடலாம். ஒன்றரை வருஷம் நான் நடமாடவில்லையா? பதினைந்து நாளில் என் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?

"அப்படி யாருக்கும் இல்லம்மா" என்றாள். "சும்மாதான் கேட்டேன்."

பாண்டீஸ்வரி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றீகளா?"

"மாதாவுக்குப் பொதுவா இல்லம்மா."

ஜோயல் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லக்கா. யாருக்கும் இல்ல" என்றான்.

பாண்டீஸ்வரி எழுதிக்கொண்டு அடுத்த பையனைக் கூப்பிட்டாள். அஜய்குமார் என்று பெயர், ஜோயலுக்கு அடுத்த பாயில் படுக்கிறவன். பிள்ளைகள் திராட்சையைப் பங்கு வைத்துத் தின்றார்கள். ஜோயல் நாலு பழம் தின்றுவிட்டு, மிச்சத்தை அவனிடம் கொடுத்துவிட்டான்.

*

மூன்றாம் ஓலை நல்லபடியாக முடிந்தது. சாமியார் படித்தார், யாரும் இருமக்கூட இல்லை. கிளாரா மட்டும் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு இருந்தாள். வெளியே வந்ததும் பெண்கள் ஷெரினைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைக் கிள்ளினார்கள். "இனி ஒரு தடையுமில்ல ஆத்தா" என்றாள் ஒருத்தி. ஞானமுத்து அன்றைக்குத்தான் ஆடிக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். மத்தியானம் சாப்பிடும்போது அவராகவே சொன்னார்.

"அந்தப் பயலுக்கு எழுதிக் குடுத்துருவோம். ரெண்டு நாள் வந்து நிக்கட்டும். அக்காளுக்குத் தம்பி நிக்க வேண்டாமா?"

கிளாரா சோற்றில் கைவைத்தபடி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வீட்டில் முறுக்கு சுட்டார்கள். பத்துப் படி மாவு. மொக்கம்மாள் பிழிந்துபோட, இன்னொருத்தி எண்ணெயில் திருப்ப, தெருப் பிள்ளைகள் உடைந்த முறுக்குக்குக் காத்துக்கிடந்தார்கள். கிளாரா புகை ஆகவில்லை என்று வாசலிலேயே உட்கார்ந்து எள் புடைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குப் போன் வந்தது. ஜோயல் ரத்தமாகக் கக்கினான், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள்.

சுளகிலிருந்த எள்ளெல்லாம் வாசலில் கொட்டியது. ஞானமுத்து சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிவந்து அவளோடு பஸ் ஏறினார்.

வார்டில் தனியாகத் தடுத்த இடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், அதற்கு மேல் முகமூடி, கையில் ஊசி. ஞானமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனை அவர் பார்த்து ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

"ஏலே" என்றார்.

"எழுதிக் குடுத்தீகளாப்பா?" என்று ஜோயல் கேட்டான்.

"குடுத்துர்றேன்டா. நாளைக்கே குடுத்துர்றேன்."

டாக்டர் சசிதரன் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. பாண்டீஸ்வரியும் வந்து பின்னால் நின்றிருந்தாள். அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் அரித்துப்போயிருக்கிறது என்றார். சளியைப் பார்த்ததில் முதலில் கொடுக்கிற மருந்து இவனுக்குக் கேட்காது என்று வந்திருக்கிறதாம்.

"ஒருத்தர் மாத்திரைய சாப்பிட ஆரம்பிச்சுப் பாதியில நிறுத்துனா, உள்ள இருக்குற கிருமி அந்த மருந்தப் பழகிக்கும். அப்படிப்பட்ட கிருமிதான் இவனுக்கு இருக்கு. இவன் முன்னால எங்கயாவது மாத்திரை சாப்பிட்டானா? இல்லை வீட்டில யாராவது? அது தெரிஞ்சா என்ன மருந்து குடுக்கணும்னு முடிவு பண்ண உதவியா இருக்கும். அங்க இவன் கூடப் படுத்த பிள்ளைகளையும் பார்க்கணும்."

ஞானமுத்து கையைக் கூப்பினார். "எங்க வம்சத்துலயே இல்லீங்க சார்."

"நான்தான் சார்" என்றான் ஜோயல்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். முகமூடிக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"எனக்குத்தான் வந்துச்சு. போன வருசம். மலைக்கு அங்கிட்டுப் போயி மாத்திர வாங்குனேன். ரெண்டு மாசம் சாப்ட்டு விட்டுட்டேன். வீட்ல யாருக்கும் தெரியாது."

"ஏலே, எப்படா? எப்படா போன?" ஞானமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கிளாரா சுவரோடு சுவராக நின்றிருந்தாள். இன்னும் ஒன்பது நாள்தான் என்று அப்போதும் அவள் புத்தியில் ஓடியது. அதை அவளே என்னிடம் சொன்னாள், மறைக்கவில்லை. அந்தப் பிள்ளை எடுத்துப் போட்ட வழியில் அவள் நடந்துபோயிருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"பொய் சொல்றான் சார்" என்றாள். "எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் பாதில விட்டேன். எம் பிள்ளைக்கு எங்கிட்ட இருந்துதான் வந்துச்சு."

ஞானமுத்து அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கட்டில் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாண்டீஸ்வரிதான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகப் பார்த்தாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம், எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே அவளும் அழுதுகொண்டிருந்தாள். "அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தீகன்னா அப்பவே படம் எடுத்துருப்பேனேக்கா. மிஷின் பக்கத்து ரூம்லதான இருந்துச்சு."

ஜோயல் அம்மாவைக் கூப்பிட்டான். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அவன் கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"சொல்லப் போறதா இருந்தா அன்னைக்கே சொல்லிருக்கலாம்லம்மா" என்றான். "நான் உன் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டே இருந்தேன்."

*

மறுநாள் சம்பந்தி வியாகுலமேரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ரத்தம் கக்கினான் என்ற செய்தி அனுமந்தன்பட்டிக்கு எட்டிவிட்டிருந்தது. கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆறு முட்டையும் கொண்டுவந்திருந்தாள். வராந்தாவில் கிளாரா அவள் காலில் விழப்போனாள்.

"என்ன மதினி இது, எந்திரிங்க."

"எனக்கு அந்த வியாதி மதினி. மறைச்சுட்டேன். எம் பிள்ளைக்கும் குடுத்துட்டேன். கல்யாணத்த நிறுத்திருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எம் மகளுக்கு ஒண்ணும் இல்ல, இன்னைக்குக் காலையில படம் எடுத்துப் பாத்துட்டாக."

வியாகுலமேரி அவளைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக ஆறு மாசம் மாத்திர சாப்ட்டவுகதான மதினி. வின்சென்டு எட்டாப்புப் படிக்கையில. தெனம் காலையில நான்தான் எடுத்துக் குடுப்பேன். இப்ப கல்லு மாதிரி இருக்காக. ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா நானே உங்களக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே" என்றாள். பிறகு, "இதுக்குப் போயியா மதினி?" என்றாள்.

கிளாரா அழவில்லை. அழுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். எந்தத் தெருவுக்குப் பயந்து பிள்ளையின் வாயைக் கட்டினாளோ, அந்தத் தெருவில் எத்தனை வீட்டு அடுக்குப்பானைக்குள் அந்த மாத்திரை இருந்ததோ! ஊர் முழுக்க ஒரே பூசணிக்காயைத்தான் ஆளுக்கொரு தட்டுச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்று வியாகுலமேரியே முடிவு செய்தாள். பந்தல் இல்லை, மேளம் இல்லை. குறித்த புதனன்று காலை ஆறு மணிப் பூசையில் இருபது பேருக்கு முன்னால் தாலி கட்டினார்கள். ஷெரின் அழுத அழுகையில் சாமியாருக்கே வாசகம் தடுமாறியது. சுட்ட முறுக்கு டின்னிலேயே இருந்தது. கிளாராவுக்கும் மருந்து தொடங்கிவிட்டார்கள். அவள் முகமூடியோடு மகன் பக்கத்திலேயே இருந்தாள். இல்லத்தில் எல்லாப் பையன்களுக்கும் எக்ஸ்ரே எடுத்ததில் அஜய்குமாருக்கு மட்டும் லேசாக இருந்தது. வேளையோடு கண்டுபிடித்ததால் அவன் பிழைத்துக்கொண்டான்.

ஜோயல் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்தான் இருந்தான். புது மருந்து வேலை செய்ய நாள் பிடிக்கும் என்றார் டாக்டர். நுரையீரலில் நாள் மிச்சமில்லை. அந்தப் பதினொரு நாளில் அவன் அம்மாவிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டான். காலைப் பிடித்துவிடச் சொன்னான். ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வேண்டுமென்றான், கொண்டுவந்ததும் மோந்து பார்த்துவிட்டுப் போதும் என்றான்.

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம், கண்ணை மூடிக் கிடந்தவன் திடீரென்று கேட்டான்.

"அக்கா கல்யாணம் முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சுய்யா. நேத்துத்தான்." கிளாரா போனில் இருந்த படத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். வெள்ளைச் சேலையில் ஷெரின், பக்கத்தில் வின்சென்ட். அழுது வீங்கின முகம் படத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை.

வெகுநேரம் பார்த்தான்.

"மாப்ள வீட்டாக்களுக்குத் தெரியாதுல்ல? ஒன் வியாதி?"

ஞானமுத்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நாளாக அவர் பெண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கிளாரா அவரைப் பார்த்தாள். பிறகு மகனின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"தெரியாதுய்யா. யாருக்கும் தெரியாது. நீ மட்டும் அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா கல்யாணம் அப்பவே நின்னிருக்கும். நீதான்யா ஒங்க அக்காவக் காப்பாத்துன."

ஞானமுத்து மகனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆமாடா" என்றார்.

ஜோயல் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். முகமூடிக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

"அப்பச் சரிம்மா" என்றான்.